கண்மாயில் ஊறாத படகு

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. மூன்று பேர் நான் பெற்றவர்கள்; இரண்டு பேர் என் நாத்தனார் பிள்ளைகள், அவள் போன பிறகு என் அடுப்படிக்கு வந்தவர்கள். எங்கள் பட்டறையில் கட்டிய பதினான்கு படகுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் தப்பில்லை. ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து கொடுக்காத தொல்லையைப் பதினான்காவது படகு ஒற்றை ஆளாகக் கொடுத்தது. அந்தப் படகோடு பிரான்ஸ் தேசத்தில் நான் இருந்த ஒரு வாரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் பேனா பிடித்தால் விரல் மரத்துப்போகும். நான் சொல்லச் சொல்ல என் மகன் வழிப் பேத்தி யாழினி எழுதுகிறாள்.

மதுரையில் படகா என்று கேட்காத ஆளில்லை. திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, நெல் வயலும் கருவேலங்காடும் கலந்து கிடக்கிற இடத்தில் எங்கள் தகரக் கொட்டகை இருக்கிறது. கடல் பார்க்க வேண்டும் என்றால் லாரியில் மூன்று மணி நேரம் போக வேண்டும். என் வீட்டுக்காரர் முத்துக்கருப்பன், என்னைப் போலவே அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். சிம்மக்கல்லில் ஒரு மரக்கடைக்குச் சுமை தூக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே வாள் பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் தச்சு வேலை உங்கள் ஆட்களுக்கு எதற்கு என்று இங்கே ஒருவரும் உளியைக் கையில் கொடுக்கவில்லை. தூத்துக்குடியில் தோணி கட்டுகிற இடத்தில், “கோட்டு மேல வாளு நிக்குமா?” என்று மட்டும்தான் கேட்டார்கள். நின்றது. ஒன்பது வருஷம் அங்கே இருந்தோம். அங்கேதான் நான் கலப்பத்து வேலை படித்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து இறுக்குகிற வேலை. அது சரியாக இருந்தால் தண்ணீர் வெளியே நிற்கும். இல்லை என்றால் உள்ளே வந்து உட்காரும்.

ஊருக்குத் திரும்பி வந்த வருஷம், கொடைக்கானலில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா வைத்திருந்த மாதிரியே பழைய மாடலில் ஒரு பாய்மரப் படகு வேண்டும் என்றார். மலையில் ஏரி இருந்தது, கட்டிக்கொடுக்க ஆள் இல்லை. எங்கள் மாட்டுக் கொட்டத்தின் கூரையை உயர்த்திப் போட்டு அதற்குள்ளே கட்டினோம். டீக்கடையில் எங்களை வைத்து ஒரு வருஷத்துக்குச் சிரித்தார்கள்.

“வைகையில மணலே இல்ல, முத்துக்கருப்பன் கப்பல் விடுறாராம்ல!”

“மாப்ள, மழை பேஞ்சாச் சொல்லு, நானும் ஏறிக்கிறேன்!”

படகு லாரியில் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மலைக்குப் போய், வெள்ளைப் பாயை விரித்து ஏரியைக் கடந்தது. சிரித்தவர்களில் நான்கு பேர் அதைப் பார்க்க பஸ் ஏறிப் போனார்கள். அதன்பிறகு புதுச்சேரிக்கு இரண்டு, கொச்சிக்கு மூன்று, கோவாவுக்கு என்று வருஷத்துக்கு ஒன்றோ, இரண்டு வருஷத்துக்கு ஒன்றோ போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் மரம். ஆணிகூடச் செம்பு.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மதுரை வெயிலில் பலகை அப்பளமாகக் காய்ந்துவிடும். அதனால் படகு முடிந்ததும் ஊர்க் கண்மாயில் இறக்கி, உள்ளே கல்லைப் போட்டு, ஒரு மாதம் மூழ்கடித்து வைப்போம். பலகை தண்ணீர் குடித்து உப்பும். உப்பினால் சந்து மூடும், பஞ்சு இறுகும். தூக்கிப் பார்த்துக் குறை இருந்தால் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் லாரி ஏற்றுவோம். கண்மாய் பார்க்காத படகு வாசல் தாண்டக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் வைத்த சட்டம்.

அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் இளங்கோதான் பட்டறையைப் பார்க்கிறான். பதினான்காவது படகு பிரான்ஸில் இருக்கிற எலன் என்ற ஓய்வு பெற்ற டாக்டரம்மாவுக்கு. எங்கள் படகு ஒன்றைப் புதுச்சேரியில் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர். நான் கலப்பத்து அடிக்கும்போது ஒரு வாரம் என் பக்கத்தில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, தொடையில் பஞ்சுத் திரி உருட்டினார். போகும்போது, இந்தப் படகைத் தண்ணீரில் விடுகிற அன்றைக்கு நீங்களே வந்து தேங்காய் உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே கூப்பிட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் இளங்கோ என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். “ஞாயித்துக்கிழமை அங்க பழைய படகுக்கெல்லாம் ஒரு போட்டி இருக்கு ஆத்தா. அதுல நம்ம படகைப் பாக்க ரெண்டு பேரு வாராங்க. புடிச்சுப்போச்சுன்னா ஆளுக்கு ஒரு படகு கேப்பாங்க. அது வந்தா பட்டறை நிக்கும். வரலேன்னா கார்த்திகையோட பூட்டிர வேண்டியதுதான்.” பட்டறையை நம்பி ஒன்பது குடும்பம் இருக்கிறது. நான் சேலையை மடித்து வைத்தேன்.

விமான நிலையத்தில் முதல் வம்பு. கைப்பையில் என் உளி, கொட்டாப்புளி, ஒரு பொட்டலம் பஞ்சு, பஞ்சுக்கு மேல் பூசுகிற குங்கிலியப் பொடி எல்லாம் வைத்திருந்தேன். சோதனை செய்கிற பெண் கொட்டாப்புளியை வெளியே எடுத்தது.

“ஆச்சி, இது என்ன?”

“மரச்சுத்தி. உளியைத் தட்டுறதுக்கு.”

“உளி எதுக்கு?”

“படகுல பஞ்சடைக்க.”

“எந்தப் படகு?”

“பிரான்சுல நிக்குது.”

அந்தப் பெண் இளங்கோ முகத்தைப் பார்த்தது. “இதெல்லாம் கையில கொண்டு போகக் கூடாது ஆச்சி. நான் வாங்கி வச்சுக்கிற வேண்டியதுதான்.”

“நீ வாங்கி வச்சு என்ன செய்வ? உனக்குப் பஞ்சடைக்கத் தெரியுமா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டது. இளங்கோ ஓடிப்போய் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் கட்டி, பெரிய சாமான்களோடு போட்டுவிட்டு வந்தான். அங்கே போய் இறங்கினால் என் சேலைப் பெட்டி வந்தது, ஊறுகாய் வந்தது, அட்டைப் பெட்டி வரவில்லை. வேறு ஏதோ தேசத்துக்குப் போய்விட்டதாம். தேடி அனுப்புகிறோம் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்.

அந்தத் துறைமுகத்து ஊரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. கல் வீடுகள், சாம்பல் நிற ஓடு, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. வெயில் அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. எலன் தன்னுடைய கம்பளிச் சட்டையை என் சேலைக்கு மேலே மாட்டிவிட்டார். கை நீளம், முழங்கால் வரை தொங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு முழம் நீளத்துக்கு ரொட்டி. மேலே தட்டினால் வேங்கைப் பலகை மாதிரி சத்தம், பிய்த்தால் உள்ளே பஞ்சு. அதைவிட ஒரு கறுப்புத் தோசை நன்றாக இருந்தது. நம் கம்பந்தோசை நிறம், நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி நாலு பக்கமும் மடித்துக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. ஊறுகாயைத் திறந்தேன். எலன் ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டு இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை. எலன் முன்னாலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் போனோம். அங்கே ஏறுகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு வணக்கம் சொல்கிறார்கள், இறங்குகிறவர்கள் நன்றி சொல்கிறார்கள். நானும் வணக்கம் சொன்னேன். இறங்குவதற்கு முன்னால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமாம். அது எங்களுக்குத் தெரியவில்லை. துறைமுகம் ஜன்னல் வழியாக வந்து, ஜன்னல் வழியாகவே போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் நாங்களும் டிரைவரும்தான் மிச்சம். அவர் அரைகுறை இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“என்னடா சொல்றாரு?”

“வணக்கம் சொல்லத் தெரிஞ்ச அம்மாவுக்கு இறங்கத் தெரியலையேங்குறாரு ஆத்தா.”

திரும்பி வரும்போது அவரே துறைமுகத்து வாசலில் நிறுத்தி இறக்கிவிட்டார். நம்மூர் டவுன் பஸ்ஸாக இருந்தால் விசில் சத்தத்தோடு வசவும் கிடைத்திருக்கும்.

படகு கிரேனில் தொங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. இருபத்திரண்டு அடி. எஞ்சின் கிடையாது, அறை கிடையாது, திறந்த படகு. தேன் நிறத்தில் வார்னிஷ் மின்னியது. எலன் அதற்கு ‘வைகை’ என்று பெயர் வைத்திருந்தார். பின்பக்கம் அவர்கள் எழுத்திலும் நம் எழுத்திலும் இருந்தது. கற்பூரம் ஏற்றினேன். காற்று மூன்று தடவை அணைத்தது, நான்காவது தடவை நின்று எரிந்தது. கடையில் வாங்கிய குடுமியில்லாத தேங்காயைக் கல்லில் ஒரே போடு போட்டேன். சரிபாதி. ஒரு நாய் கத்திக்கொண்டு ஓடியது, கூட்டம் கைதட்டியது. படகு இறங்கி, தண்ணீரில் அன்னம் மாதிரி உட்கார்ந்தது.

பத்து நிமிஷம்தான். எலனின் பக்கத்து வீட்டுக்காரர் யான், மீன் பிடித்து ஓய்ந்த பெரியவர், உள்ளே எட்டிப் பார்த்து எலனைக் கூப்பிட்டார். அடிப்பலகைக்கு மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சந்தில் இல்லை, பத்துச் சந்தில். வாளியால் இறைக்க இறைக்க வந்தது. கிரேனில் மறுபடியும் தூக்கினார்கள். படகின் வயிற்றிலிருந்து தண்ணீர் நூல் நூலாக ஊற்றியது. கைதட்டியவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

நான் கிட்டே போய்ச் சந்தில் விரலை வைத்தேன். என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. கண்மாயில் ஊறிய படகு கப்பலில் ஒன்றரை மாதம் வந்தாலும் இப்படித் திறக்காது.

“இளங்கோ, படகு கண்மாய் பாத்துச்சா?”

அவன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தான்.

“உன்னையத்தான் கேக்குறேன். நான் முட்டி ஆபரேஷன் பண்ணிட்டுத் தல்லாகுளத்துல உன் தங்கச்சி வீட்டுல படுத்திருந்தப்ப போன் பண்ணுனேன்ல. ஊறப் போட்டாச்சுன்னு சொன்னியா இல்லையா?”

“கண்மாயில சொட்டுத் தண்ணி இல்ல ஆத்தா. கப்பலுக்கு நாள் குறிச்சுட்டாங்க. டேங்கர் லாரியக் கூப்பிட்டு உள்ள தண்ணி விட்டேன். ரெண்டு நாள் நின்னுச்சு.”

“டேங்கர் தண்ணியா! படகு என்ன கல்யாண வீட்டு அண்டாவாடா? உங்கப்பன் இருந்தா இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பியா?”

நாற்பத்தாறு வயது மகன், நரைத்த மீசை, அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விடவில்லை, இன்னும் நாலு வார்த்தை திட்டினேன். பாஷை புரியாதவர்கள்கூட இரண்டடி தள்ளி நின்றார்கள்.

துறைமுகத்துப் பரிசோதகர் வந்தார். நீலக் கோட்டுப் போட்ட உயரமான ஆள். அவர் பேசியதை எலன் இங்கிலீஷில் சொல்ல, இளங்கோ தமிழில் சொன்னான். “சனிக்கிழமை காலையில வந்து பாப்பாராம். உள்ள ஒரு கை அள்ளுறதுக்கு மேல தண்ணி இருந்தா போட்டியில விட மாட்டாராம். மரப்படகு ஊறி மூடும்னு அவருக்கும் தெரியுமாம். ஆனா இம்புட்டு அகலச் சந்து நாலு நாள்ல மூடாதுங்குறாரு. கறுப்பு ரப்பர் பசை இருக்கு, அதை அடைச்சா ஒரே நாள்ல நின்னுருமாம்.” பிறகு குரலை இறக்கினான். “அதைச் செஞ்சுருவோம் ஆத்தா. ஞாயித்துக்கிழமையை மட்டும் பாப்போம்.”

“செஞ்சா ஞாயித்துக்கிழமை நிக்கும். அப்புறம்? சந்து பூராம் ரப்பர் இருந்தா, பலகை உப்புறப்ப எங்கிட்டுப் போகும்? விலா மரத்தைத் தெறிக்க வச்சுரும். உங்கப்பா பட்டறைப் படகு ஒண்ணு விலா முறிஞ்சு கிடந்துச்சுன்னு இந்த ஊருல பேரு வாங்கணுமா?”

எலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்க என்ன செய்யச் சொல்றாங்கன்னு கேளு” என்றாராம்.

“மூழ்கடிக்கச் சொல்லு” என்றேன்.

இளங்கோ அதைச் சொன்னதும் பரிசோதகர் எலனிடம் மறுபடியும் கேட்டார். பிறகு யான் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகச் சுவர் ஓரத்துக்குக் கூட்டிப் போய், சரிவாக இறங்குகிற இடத்தைக் காட்டினார். அங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மூன்று ஆள் உயரத்துக்கு ஏறுமாம், இரண்டு தடவை வற்றித் தரை தெரியுமாம். படகைச் சுவரில் கட்டிவிட்டு அடியில் இருக்கிற தக்கையைப் பிடுங்கினால் போதும், மூழ்கடிக்கிறதையும் இறைக்கிறதையும் கடலே பார்த்துக்கொள்ளும் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் தூத்துக்குடிக் கடல் இடத்தைவிட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று சாயங்காலம் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறி வந்தது. ‘வைகை’ விளிம்பு வரை முங்கி நின்றது. புதன்கிழமை காலை வந்து பார்த்தால் கடலைக் காணோம். சேறும் சரளையும், மேலே படகும் மட்டும் இருந்தன. எந்தக் கண்மாய்க்கு இந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு!

தண்ணீர் வற்றியிருக்கிற நேரத்தில் காற்று பலகையைக் காய வைத்துவிடக் கூடாது. யான் உருளைக்கிழங்குச் சாக்கு முப்பது கொண்டு வந்தார். நனைத்து உள்ளேயும் வெளியேயும் போர்த்தினோம். நான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, காயக் காயத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். மீன் விற்கிற அம்மா ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று, இடுப்பில் கை வைத்து ஏதோ கேட்டார்.

“இந்தியாவுல இருந்து படகை முக்கிக் கொல்லவா வந்தீங்கன்னு கேக்குது ஆத்தா.”

“குளிப்பாட்ட வந்தேன்னு சொல்லு. சனிக்கிழமை வந்து பாக்கச் சொல்லு.”

புதன் சாயங்காலம் சுண்டுவிரல் நகம் போகவில்லை. வியாழன் காலை ஒரு தாளை மடித்துச் செருகினால் நுனி மட்டும் போனது. எலன் ஒவ்வொரு தடவையும் தாளைச் செருகிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்று மத்தியானம் அவர் அடுப்படியில் நான் ஏறினேன். கறுப்பு ஓட்டில் ஒரு சிப்பி அங்கே மலிவாகக் கிடைக்கிறது. புளி இல்லை, தக்காளியும் எலுமிச்சையும் போட்டு, கொண்டு போன மிளகாய்த்தூளில் குழம்பு வைத்தேன். யான் மூன்று தட்டுச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, நாற்பது வருஷமாக இந்தச் சிப்பியை வெறும் வெங்காயத்தோடு தின்று ஏமாந்துவிட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தக்கையை அடைத்துப் படகை மிதக்க விட்டோம். பத்துச் சந்தில் ஒன்பது கல்லாக நின்றன. ஒன்று நிற்கவில்லை. பின்பக்கம், படகின் அடியில் நெடுக ஓடுகிற அடிமரத்தை ஒட்டின முதல் பலகை, இரண்டு முழ நீளத்துக்கு. அங்கே மட்டும் தண்ணீர் கசிந்து, மணிக்கு ஒரு வாளி வந்தது.

இளங்கோ, “அதுவும் டேங்கர் தண்ணி பண்ணுன வேலைதான். எல்லாம் என்னால வந்தது” என்றான்.

இல்லை. எனக்குத் தெரியும். அந்த இரண்டு முழத்தையும் அடித்தது நான். முட்டி வலி உச்சத்தில் இருந்த நேரம். குந்தி உட்கார முடியாமல், பலகையில் உட்கார்ந்தபடி கையை எட்டி எட்டி அடித்தேன். பஞ்சு இறுகினால் உளி கணீரென்று பேசும். அன்றைக்கு அது தொப்புத் தொப்பென்றுதான் பேசியது. காதில் விழுந்தது. எங்கள் பட்டறையில் ஜோதி என்று ஒரு பெண், நன்றாக அடிக்கும். “பெரியம்மா, நான் அடிக்கவா?” என்று கேட்டது. “நான் அடிக்காத சந்தா? போய் உன் வேலையைப் பாரு” என்று விரட்டினேன். அதற்கு மேலே குங்கிலியத்தைப் பூசி மூடிவிட்டேன். கண்மாயில் ஊறியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், அதுவும் நடக்கவில்லை. மூன்று நாளாக மகனை ஊரே பார்க்கத் திட்டிய வாய் என்னுடையது.

“இளங்கோ, இது நீ செஞ்சது இல்லப்பா. நான் செஞ்சது” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். பிறகு, “அப்ப என்னையத் திட்டுனதுல பாதியத் திருப்பி வாங்கிக்க ஆத்தா” என்றான். சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமி இருக்கிறது. அன்று பதினோரு மணிக்கு ஒரு வேன் வந்து அட்டைப் பெட்டியை இறக்கியது. உளி, கொட்டாப்புளி, பஞ்சு, குங்கிலியம், எல்லாம் சேதமில்லாமல் இருந்தன.

கடல் வற்றுகிற நேரம் மத்தியானம். வற்றினால் வேலை செய்ய ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், அதற்குப் பிறகு தண்ணீர் திரும்பிவிடும் என்றார் யான். ஆபரேஷன் செய்த முட்டியை மடக்கிக் குந்த முடியாது. எலன் டாக்டர் இல்லையா, கூடாது என்று தலையை ஆட்டினார். இளங்கோ உளிக்குக் கையை நீட்டினான். அவன் வாள் பிடிக்கிறவன், கலப்பத்து அவன் கைக்கு வராது. “பாயி இருந்தா விரிக்கச் சொல்லு. படுத்துக்கிட்டு அடிக்கிறேன்” என்றேன்.

சேற்றின் மேல் பலகை போட்டு, பலகை மேல் ரப்பர் பாயை விரித்தார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கட்டைகள் மேல் இறங்கி உட்கார்ந்திருந்த படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மூக்குக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் அந்தச் சந்து. பழைய பஞ்சை இளங்கோவிடம் உருவி உருவிக் கொடுத்தேன். உளி போட்டு எடுக்க வேண்டிய இடத்தில் விரலாலேயே வந்தது, அவ்வளவு தொளதொளப்பு. வெட்கமாக இருந்தது. புதுத் திரியை எலன் உருட்டிக் கொடுத்தார், மதுரையில் கற்றுக்கொண்ட அதே உருட்டு. ஊறிய பலகையில் ரொம்பவும் இறுக்கிவிடக் கூடாது. பாதி இறுக்கத்தை அது தானே எடுத்துக்கொள்ளும். கைக் கணக்குத்தான். ஒரு முழம் முடியும்போது தோள் எரிந்தது. அரை முழம் மிச்சம் இருக்கும்போது முதுகில் சில்லென்று பட்டது. கடல் வந்துவிட்டது.

“ஆத்தா, போதும், வெளிய வா!”

“காலைப் புடிச்சு இழுத்தீன்னா உதைப்பேன். குங்கிலியத்தைக் கொடு.”

கடைசி நாலு விரல் அகலத்துக்கு அடிக்கும்போது உளி கணீரென்றது. காது குளிர்ந்தது. எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தை விரலால் இழுத்து மூடினேன். முடித்து, “இப்ப இழு” என்றேன். பாயோடு சேர்த்து யானும் இளங்கோவும் இழுத்தார்கள். தலைமுடியெல்லாம் உப்புத் தண்ணீர். சுவர் மேலே ஒரு கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். மீன்காரம்மாதான் முதலில் கைதட்டினார்.

சனிக்கிழமை காலை நீலக் கோட்டுக்காரர் வந்தார். ராத்திரி முழுக்கப் படகு மிதந்து நின்றிருந்தது. அவர் அடிப்பலகையைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் தடவினார். கையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, அடிமரம் நெடுகத் துடைத்தார். நான் கிட்டே போனேன். கைக்குட்டையில் ஒட்டியிருந்தது மரத்தூள். கடல் கழுவியும் இடுக்கில் மிச்சமிருந்த எங்கள் பட்டறை மரத்தூள். அதை என்னிடம் காட்டி, தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொன்னார்.

“நாலு நாள்ல மூடாதுன்னு சொன்னது அவரு தப்பாம் ஆத்தா.”

“தப்புல ஆளுக்கொரு பங்கு இருக்குன்னு சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை இருபத்தேழு பழைய படகுகள் பாய் விரித்தன. எலன் சுக்கான் பிடித்தார், யானும் இளங்கோவும் பாய்க்கயிறு. என்னை நடுப்பலகையில் உட்கார வைத்தார்கள். பதினான்கு படகுக்குப் பஞ்சடைத்திருக்கிறேன். ஒன்றில்கூடக் கடலில் ஏறியதில்லை. லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, கொட்டகையைப் பெருக்கிவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பேன். காற்று பாயில் விழுந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது. உட்கார்ந்த பலகையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சத்தம் கேட்டேன். பலகைக்கு வெளியே தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. உள்ளே என் கால் காய்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தால் வெற்றிலையை மென்றுகொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார். நான் அவருக்கும் சேர்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மூன்றாவதாக வந்தோம். முதலில் வந்த படகின் சொந்தக்காரர், அது தன் தாத்தா கட்டியது என்று சொன்னார். சரிதான், அந்தத் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது.

பார்க்க வந்திருந்த இருவரும் கரையில் நின்றார்கள். புருஷன் பெண்டாட்டி இல்லை, தனித்தனி ஆட்கள். படகை முழுசாகத் தடவிப் பார்த்தார்கள். இந்த இறுக்கம் எப்படி வந்தது என்று கேட்டார்களாம். இளங்கோ, “எங்கம்மா கை” என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்தினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லு.”

“எதுக்கு ஆத்தா? கேக்கவே இல்லையே அவங்க!”

“கேக்காட்டியும் சொல்லு. கண்மாய்ல போடாம அனுப்புனதையும் சொல்லு, ரெண்டு முழம் நான் தொளதொளன்னு அடிச்சதையும் சொல்லு. படகு வாங்கப் போறவங்க அவங்க.”

அவன் பயந்துகொண்டே சொன்னான். இருவரும் கேட்டுவிட்டுத் தள்ளிப் போய்ப் பேசினார்கள். அந்தக் கால் மணி நேரம், படகுக்கு அடியில் படுத்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஒன்பது குடும்பமும் என் கண்ணில் வந்து நின்றது. திரும்பி வந்து அந்த அம்மா பேசினார். இளங்கோ என் பக்கம் திரும்பினான்.

“ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு கட்டச் சொல்றாங்க ஆத்தா. ஆனா ஒரு நிபந்தனையாம். கண்மாய் நிறைஞ்ச பொறகுதான் அனுப்பணுமாம். எம்புட்டு நாளானாலும் காத்திருப்பாங்களாம்.”

அங்கிருந்தே பட்டறைக்குப் போன் போட்டான். செய்திக்காகக் காத்திருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தியது தகரக் கொட்டகையில் மோதி, பிரான்ஸ் வரை கேட்டது. போனை வாங்கி ஜோதியைக் கூப்பிடச் சொன்னேன். “அடுத்த படகுல அடிமரத்துச் சந்து ரெண்டு பக்கமும் நீதான் அடிக்கணும்” என்றேன். “நெசமாவா பெரியம்மா?” என்றது. “நான் பக்கத்துல உக்காந்து சத்தத்தை மட்டும் கேப்பேன்” என்றேன்.

இப்போது ஐப்பசி. வந்ததிலிருந்து மழை. கண்மாய் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பட்டறையில் இரண்டு படகுக்கும் அடிமரம் போட்டாகிவிட்டது.

யாழினி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். “அப்பத்தா, அந்த ரெண்டு முழத்துச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் லேசா எழுதியிருக்கேன். முட்டி வலின்னால அப்படி ஆயிருச்சுன்னு. படிக்கிறவங்க உங்களையத் தப்பா நெனைக்கக் கூடாதுல்ல.”

முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் ஜோதி கேட்டபோது உளியைக் கொடுக்காதது முட்டி இல்லை. “அதைக் கோடு போட்டு அடிச்சுட்டு நான் சொன்ன மாதிரியே எழுது தாயி” என்றேன். எழுதிவிட்டேன் என்கிறாள். எனக்கு என் காதால் கேட்க வேண்டும். எங்கே, மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி.